லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14க்கும் கீழ வந்துடுச்சு: நோட்டு கையில இருக்கு, காரணம்தான் கிடைக்கல

காஷியர்62 (திருச்சி), ஆகஸ்ட் 2025

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், முதல் தடவையா எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கணும்.

வண்டி 2011 மாடல். 1.1 லிட்டர் பெட்ரோல், சின்ன வண்டி, அஞ்சு கியர். கம்பெனி பேர் சொல்லல. சொன்னா அடுத்த இருபது பதில் "அந்த எஞ்சினே அப்படித்தான்", "எங்க மாமா வண்டி இன்னும் இருபது தருது"ன்னு போயிடும், என் கேள்வி அங்கேயே படுத்துடும். ஓடோமீட்டர்ல 1,12,000 காட்டுது. வாங்கின நாள்லேர்ந்து நான் ஒருத்தன்தான் ஓட்டுறேன்.

வங்கியில காஷியரா இருந்து ரிட்டயர் ஆனவன். பழக்கதோஷம், பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் நோட்டுல எழுதிடுவேன். தேதி, கிலோமீட்டர், லிட்டர், எந்த பங்க், எந்த பம்ப். இப்போ மூணாவது நோட்டு ஓடுது. "நகைச் சீட்டுக்குக்கூட இப்படிக் கணக்கு வெச்சதில்ல"ன்னு வீட்டுல ஒரு பேச்சு உண்டு.

எப்படிக் கணக்குப் போடுறேன்னு முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா பாதிப் பேர் அங்கதான் மடக்குவீங்க. ஐநூறு ரூபாய்க்குப் போட்டு லைட் எரியுற வரைக்கும் ஓட்டுற கணக்கு இல்ல. டேங்க் நிறைய, ஆட்டோ கட் ஆனதோட நிறுத்தம். எப்பவும் ஒரே பங்க், ஒரே பம்ப். அங்க தரை ஒரு பக்கம் லேசா சாஞ்சிருக்கும், அதனால வண்டியை ஒரே திசையிலதான் நிறுத்துவேன். ஆட்டோ கட் ஆன பிறகு அந்தப் பையன் "ரவுண்டா போட்டுறட்டுமா சார்"னு இன்னும் ரெண்டு அழுத்து அழுத்துவான். வேண்டாம் தம்பி, 2,137ன்னா 2,137தான் குடுப்பேன்னு சொல்லி இப்போ பழக்கிட்டேன். அப்படியும் ஒரு ஃபில்லுக்கும் அடுத்ததுக்கும் ஒரு லிட்டர் முன்னப்பின்ன வரலாம், 25 லிட்டர்ல அது 4 சதவீதம். அதனால ஒரு ஃபில்லை நம்ப மாட்டேன், மூணு நாலு சேர்த்துத்தான் சராசரி.

நோட்டுச் சராசரி, ஊரும் ஹைவேயும் கலந்தது:

2022 முழுக்க 17.0. 2023ல 16.9. 2024 அக்டோபர் வரைக்கும் 16.5. டிசம்பர்லேர்ந்து இந்த வருஷம் மார்ச் வரைக்கும் 15.8. மே மாசம் 14.9. ஜூன்ல 14.1. ஜூலை முடிவுல 13.8.

17லேர்ந்து 13.8. நூறு ரூபாய் கைமாறினா பத்தொன்பது ரூபாய் குறையுதுன்னு அர்த்தம். கல்லாவுல பத்தொன்பது ரூபாய் குறைஞ்சா எங்களை வீட்டுக்கே விட மாட்டாங்க.

மெக்கானிக்கிட்ட ரெண்டு தடவை போயாச்சு. நாலு பிளக்கும் மாத்தியாச்சு, ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில், எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய். அடுத்த ஃபில் 13.9. அந்த 0.1ஐ நான் வரவுல வெக்கல. ரெண்டாவது தடவை போனப்போ, "வண்டிக்கு வயசாயிடுச்சு சார்"னுட்டார்.

இங்கதான் எனக்கு ஒத்துக்க முடியல. எனக்கும்தான் வயசாயிடுச்சு, ஆனா ஒரு ஏப்ரல் மாசத்துல திடீர்னு ஆகல. வயசுன்னா சரிவுல இறங்குற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். நோட்டுல பார்த்தா படி படியா இறங்குது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தேதி இருக்குன்னா ஒரு காரணமும் இருக்கணும்.

அந்தத் தேதிகளை ஒட்டி என்னென்ன நடந்ததுன்னும் நோட்டுலேயே இருக்கு. நவம்பர் 2024ல நாலு டயரும் மாத்தினேன். ஏப்ரல் 2025ல ரேடியேட்டர்ல ஒழுகல், அதைச் சரி பண்ணி, ஹோஸ் ரெண்டு மாத்தி, கூலன்ட் புதுசு. ஜூன்லேர்ந்து பேத்தியை ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வர்ற வேலை என்னோடது. ரெண்டரை கிலோமீட்டர்தான், ஆனா நாலு நடை.

மாசம் ஒரு தடவை திண்டுக்கல்ல மகள் வீட்டுக்குப் போய் வருவோம். மணப்பாறை, வையம்பட்டி, அய்யலூர் வழி, போக 100, வர 100. முன்ன இந்த நடைக்கு 18.2 சொல்லி வெச்ச மாதிரி வரும். போன வாரம் போய்ட்டு வந்து அதே பம்ப்ல நிரப்பினா 15.4. ஏசி, ஆள், வேகம் எதுவும் மாறல. எண்பதுக்கு மேல போகவே மாட்டேன், பின்சீட்டுலேர்ந்து சத்தம் வரும்.

எது எவ்வளவு தின்னுதுன்னு பிரிச்சுப் பார்க்க வழி உண்டா? மொத்தமா "இது பெட்ரோல்", "இது டிராஃபிக்"னு சொல்லாம, எதைச் சோதிச்சா எது தெரியும்னு சொன்னா ஒண்ணொண்ணா பார்த்துட்டு வந்து எழுதுறேன்.

வேகத்தடை

சார் இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பதிவு. இ20 பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால் கலந்தது. முடிஞ்சுது. என் பைக்கும் அப்படித்தான்.

காஷியர்62

தம்பி, அதையும் நான் விடல. இ20 சில பங்க்ல 2023லேயே வந்துடுச்சு, கொஞ்சம் கொஞ்சமா எல்லா இடமும் பரவி இப்போ அதுதான் கிடைக்குது. அப்படி மெல்ல வந்த சாமான், இந்த ஏப்ரல்ல மட்டும் ஒரே மாசத்துல ஒரு கிலோமீட்டரை எப்படிச் சாப்பிடும்? பங்கு உண்டு, மறுக்கல. எவ்வளவு பங்குன்னுதான் கேக்குறேன்.

ஸ்லைட்ரூல்

நோட்டு போடுற மனுஷரைப் பார்த்து நாளாச்சு சார். கணக்கை நான் போடுறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் சக்தி. ஒரு லிட்டர் எத்தனால்ல சுமார் 21. அப்போ இ10ன்னா 30.9, இ20ன்னா 29.8. இ10லேர்ந்து இ20க்கு வந்தா 3.5 சதவீதம் சக்தி குறையுது. எத்தனாலே இல்லாத பெட்ரோலோட ஒப்பிட்டா 7 சதவீதம். நிதி ஆயோக் 2021 ஜூன்ல வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலயும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைச்சு இ10க்கு ட்யூன் பண்ணின கார்ல இ20 போட்டா 6லேர்ந்து 7 சதவீதம் இழப்பு வரும்னுதான் போட்டிருந்தாங்க. உங்க 17.0 எழுதின 2022லயே எத்தனால் 10 சதவீதத்துக்கு வந்தாச்சு. அதனால உங்க நோட்டுக்குப் பொருந்துறது 3.5 சதவீதம், கூடிப்போனா இன்னும் கொஞ்சம். 17.0லேர்ந்து 16.5 அந்த அளவுதான். பத்தொன்பதுல மூணரையை எடுத்துட்டு மீதிக்கு வேற ஆளைத் தேடுங்க.

வேகத்தடை தம்பி சொன்னது பொய் இல்ல, அரைகுறை. இப்போ எது நடந்தாலும் அது மேல பழி போடுறது சுலபமாயிடுச்சு. நிஜமா ரிப்பேர் ஆன வண்டியும் அந்தப் பழிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது.

அடுத்தது திண்டுக்கல் நடை. நீங்க போனது ஆடியில. அய்யலூர் பக்கம் அந்த மாசத்துல மேற்கேயிருந்து வர்ற காத்து வண்டியையே பிடிச்சுத் தள்ளும், உங்களுக்குத் தெரியாததில்ல. அம்மியே பறக்கும்போது மைலேஜ் பறக்காதான்னு தோணும். நானும் அப்படித்தான் நெனச்சேன், கணக்குப் போட்டா அவ்வளவு இல்ல. எண்பதுல போறப்போ எதிர்க்காத்து இருபதுன்னா வண்டிக்கு அது நூறுல போற மாதிரி. வர்றப்போ அதே காத்து முதுகுல, அறுபதுல வர்ற மாதிரி. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். நூறோட வர்க்கம் 10,000, அறுபதோட வர்க்கம் 3,600, ரெண்டுக்கும் நடு 6,800. காத்தே இல்லன்னா 6,400. ஆக போக வர சேர்த்துப் பார்த்தா காத்துத் தடை 6 சதவீதம்தான் கூடுது, பெட்ரோல்ல அது இன்னும் கம்மியா, ரெண்டு மூணு சதவீதத்துல நின்னுடும். திண்டுக்கல் திருச்சியை விட சுமார் 180 மீட்டர் உயரம், ஏறப் போறப்போ கால் லிட்டர் கூடச் செலவாகும், ஆனா நீங்க திரும்பி வந்து நிரப்புறதால அதுல பெரும்பகுதி இறக்கத்துல ஈடாகிடும். 18.2லேர்ந்து 15.4க்குக் காத்தும் மேடும் பதில் இல்ல.

இன்னொண்ணு. ஏர் ஃபில்டர் மாத்தினீங்க, நல்லது, ஆனா மைலேஜுக்காக மாத்தினீங்கன்னா வீண். இன்ஜெக்ஷன் வண்டியில ஃபில்டர் அடைச்சா உள்ள போற காத்து குறையும், கம்ப்யூட்டர் அதுக்கேத்த மாதிரி பெட்ரோலையும் குறைச்சுடும். இழுவை குறையும், மைலேஜ் அவ்வளவா குறையாது. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல 2009ல இதை வண்டி வெச்சே சோதிச்சுப் பார்த்துட்டாங்க. கார்புரேட்டர் காலத்து உண்மை இன்னும் கடைக்குக் கடை ஓடிட்டிருக்கு.

நிலா டயர்ஸ் அக்கா (தஞ்சாவூர்)

நவம்பர் படிக்கு நான் பதில் சொல்லலாமா? கடையில பதினஞ்சு வருஷமா உக்காந்திருக்கேன்.

சார், மாத்தின டயர் பழைய அளவேதானா, இல்ல கொஞ்சம் அகலமா போட்டீங்களா? பழைய டயர்ல பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?

காஷியர்62

அம்மா, பழையது 155/70 ஆர்13. கடைக்காரர், "அந்த அளவு ஸ்டாக் இல்ல, 165/70 போட்டா வண்டி நல்லா உக்காரும்"னார். போட்டுட்டேன். பழைய டயர் கிட்டத்தட்ட வழுக்கை. அதனாலதான் மாத்தினதே.

நிலா டயர்ஸ் அக்கா (தஞ்சாவூர்)

அப்ப உங்க மைலேஜ் அங்க குறையவே இல்ல சார், கிலோமீட்டர்தான் குறைஞ்சிருக்கு.

155/70 புதுசா இருக்கப்போ குறுக்களவு 547 மில்லிமீட்டர். வழுக்கையானா பட்டன் ஆறு மில்லி தேஞ்சிருக்கும், மேலயும் கீழயும் சேர்த்துப் பன்னெண்டு போக 535. இப்ப போட்டிருக்க 165/70 புதுசு 561. முன்னைக்கு இப்ப சக்கரம் ஏறக்குறைய 5 சதவீதம் பெருசு. ஒரு சுத்துல கூடுதல் தூரம் போகுது, ஆனா ஓடோமீட்டர் சுத்தைத்தானே எண்ணும்? நூத்தஞ்சு கிலோமீட்டர் போய்ட்டு நூறுன்னு காட்டும். நீங்களும் நூறுன்னு எழுதியிருப்பீங்க.

கஸ்டமர் பாதிப் பேர் டயர் மாத்தின மறுமாசம் வந்து "உங்க டயர் போட்டு மைலேஜ் போச்சு"ம்பாங்க. ஒரே அளவு போட்டாலும் தேஞ்சதுக்கும் புதுசுக்கும் நடுவுல ரெண்டு சதவீதம் இப்படி காணாமப் போகும். புது ரப்பர் கொஞ்சம் இழுக்கவும் செய்யும், அது வேற.

நம்ப வேணாம், நீங்களே பாத்துருங்க. ஹைவேல கிலோமீட்டர் கல்லு இருக்கு. ஒரு கல்லுல ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணி நாப்பதாவது கல்லுல என்ன காட்டுதுன்னு பாருங்க. ரெண்டு கிலோமீட்டர்ல பாத்துட்டு வந்து சொல்லாதீங்க, அதுல ஒண்ணும் தெரியாது. அப்படியே கதவுத் தூண்ல ஸ்டிக்கர் பாத்துக் காத்தும் சரி பண்ணிக்குங்க, டயர் சில்லுன்னு இருக்கப்போ.

பென்ஸ் கனவு

பதினாலு வருஷ வண்டிக்கு இவ்ளோ ஆராய்ச்சியா? வித்துட்டு சிஎன்ஜி எடுங்க சார்.

காஷியர்62

இந்த வண்டி வித்தா வர்ற பணத்துக்கும் புது வண்டி விலைக்கும் நடுவுல இருக்கிற தொகைக்கு எத்தனை வருஷம் பெட்ரோல் போடலாம்னு நோட்டோட கடைசிப் பக்கத்துல போட்டு வெச்சிருக்கேன் தம்பி. என் ஆயுசு பத்தாது.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (கரூர்)

வணக்கமுங்க. நானும் மெக்கானிக்குதானுங்க, கோச்சுக்காம கேளுங்க. எல்லாத்தையும் எழுதுனீங்க, ஒண்ணை எழுதுலீங்க. டெம்பரேச்சர் முள்ளு முன்ன எங்க நின்னுச்சு, இப்ப எங்க நிக்குது?

ரேடியேட்டர் வேலைக்கு முன்ன, பின்னன்னு சொல்லுங்க.

காஷியர்62

முன்ன பாதிக்கு ஒரு நூல் கீழ. ஏப்ரலுக்குப் பிறகு கால்வாசியைத் தாண்டுறதில்ல. ஹைவேல இன்னும் கீழ. புது கூலன்ட் நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டேன்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (கரூர்)

அதாங்க. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் நீங்க பெட்ரோல் ஊத்திட்டு இருக்கீங்க.

உங்க வண்டியில தெர்மோஸ்டாட் வால்வு இல்லீன்னு நெனைக்கறனுங்க. எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வெச்சிருக்கற வால்வுங்க அது. ஒண்ணு தொறந்தபடியே சிக்கியிருக்கோணும், இல்லீனா ரேடியேட்டர் வேலை பாத்தவர் கழட்டி ஓரமா வெச்சிருக்கோணும். நம்ம பக்கம் இது சகஜமுங்க. ஒரு தடவை வண்டி ஹீட் ஆச்சுன்னா, "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு இது, தண்ணி ஃப்ரீயா ஓடட்டும்"னு கழட்டிப் போட்டுருவாங்க. கழட்டுனவரைத் திட்டாதீங்க, அவருக்குக் கத்துக்குடுத்தவர் கார்புரேட்டர் வண்டியில கழட்டுனவரு. அதுல சூட்டைப் பாத்துப் பெட்ரோல் அளக்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் கெடையாதுங்க.

இன்ஜெக்ஷன் வண்டியில அப்படி இல்லீங்க. கூலன்ட் சூட்டைச் சொல்றதுக்குன்னே ஒரு சென்சார் இருக்குது. எஞ்சின் சில்லுன்னு இருந்தா இசியு, அதான் அந்தக் கம்ப்யூட்டர், என்ன நெனைக்கும்? காலையில இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணியிருக்காப்லன்னு நெனைக்கும். கொஞ்சம் சேத்து ஊத்தும், ஐடிலை ஏத்தி வெக்கும், ஆயில் கெட்டியா இருக்கறதால உள்ள உராய்வும் சேந்துக்கும். பல வண்டியில, கியர்ல வெச்சுக் காலை எடுத்தா பெட்ரோலை நிறுத்தற வேலைகூட எஞ்சின் சூடாகற வரைக்கும் நடக்காதுங்க. ஹைவேல எதிர்க்காத்து ரேடியேட்டரை ஊதிக்கிட்டே இருக்கறதால அங்க இன்னும் மோசம். உங்க பேத்தி ஸ்கூலுக்கு ரெண்டரை கிலோமீட்டர்னு சொன்னீங்க. வால்வு இருந்தாலே அந்தத் தூரத்துல எஞ்சின் பாதிதான் சூடாகும். இல்லாட்டி, நாலு நடையும் சில்லு வண்டிதானுங்க.

எப்படிப் பாக்கறது? காலையில சில்லுன்னு ஸ்டார்ட் பண்ணி பானெட்டைத் தெறந்து ரேடியேட்டருக்கு மேல வர்ற பெரிய ஹோஸைத் தொட்டுப் பாருங்க. பெல்ட்டு, ஃபேனு பக்கம் கை போகாம பாத்துக்குங்க. வால்வு நல்லா இருந்தா அஞ்சாறு நிமிஷம் ஹோஸ் சில்லுன்னே இருக்கும், அப்பறம் பொசுக்குன்னு சூடாகும். வால்வு இல்லீனா முதல்லயிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுன்னு ஏறும். சூடான எஞ்சின்ல ரேடியேட்டர் மூடியை மட்டும் தெறந்துறாதீங்க, மூஞ்சி வெந்துபோகும்.

யார்கிட்டயாச்சும் ப்ளூடூத் ஓபிடி டாங்கிள், வண்டி கம்ப்யூட்டர் சொல்றதைப் போன்ல காட்டற சின்னக் கருவி, இருந்தா இன்னும் சுலபம், டிகிரியே போன்ல தெரியும். ஹைவேல 85லேர்ந்து 90 வரோணும்.

அதோட ஒண்ணுங்க. பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுதான்னு பாருங்க. ஒரு பத்துக் கிலோமீட்டர் பிரேக்கு அதிகம் தொடாம ஓட்டி நிறுத்தி, நாலு வீல் கிட்டயும் கையைக் கொண்டு போங்க. ஒண்ணு மட்டும் அடுப்பாட்டம் அடிச்சா காலிப்பர் பின் இறுகிருச்சுன்னு அர்த்தம்.

காஷியர்62, பத்து நாள் கழிச்சு

எல்லாரும் சொன்னதைச் செஞ்சாச்சு, வரிசையா சொல்றேன்.

பிரேக்: நாலு வீலும் ஒரே மாதிரி. ஒண்ணும் இல்ல.

கிலோமீட்டர் கல்: மணப்பாறை தாண்டி ஆரம்பிச்சேன். ஒரு கல் புதருக்குள்ள, வீட்டம்மா கண்ணாடியை இறக்கிட்டு "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு சொல்லிட்டே வந்தாங்க. நாப்பது கல்லுக்கு ட்ரிப் மீட்டர் 38.3. அதாவது நான் எழுதுற ஒவ்வொரு கிலோமீட்டரையும் 1.044ஆல பெருக்கணும். டயரக்கா சொன்ன அஞ்சு சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி, ஆனா 16.5லேர்ந்து 15.8க்கு இறங்கின படி அப்படியே இதுக்குள்ள அடங்கிடுது. நாலு மாசம் நான் துக்கப்பட்டது இல்லாத நஷ்டத்துக்கு.

ஹோஸ்: காலையில ஆறு மணிக்குப் பானெட்டைத் தூக்கினேன். ரெண்டாவது நிமிஷமே விரலுக்கு வெதுவெதுப்பு தெரிய ஆரம்பிச்சுடுச்சு. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட டாங்கிள் இருந்தது, மாட்டிப் பார்த்தோம். ஸ்கூல் வாசல்ல வண்டி நின்னப்போ 54 டிகிரி. ஹைவேல எண்பதுல போறப்போ 66, 67, அதுக்கு மேல ஏறவே இல்ல. வெளிய வெயில் 37.

நேரா மெக்கானிக்கிட்ட போனேன். சண்டை போடல, கரூர்க்காரர் சொன்ன மாதிரி பொறுமையா, "ஏப்ரல்ல வால்வு கழட்டினீங்களா?"ன்னு மட்டும் கேட்டேன். "ஆமா சார், அது நம்ம ஊருக்குத் தேவையில்ல"ன்னார், ஏதோ எனக்கு உபகாரம் பண்ணின குரல்ல. பழைய பால் பவுடர் டப்பாவைக் கவுத்து, அதுக்குள்ள கிடந்த ஏழெட்டு வால்வுல ஒண்ணைத் தேடி எடுத்தார். என் வண்டியோடதுதானான்னு அவருக்கும் சந்தேகம். அளவு சரியா இருந்தது.

அதை மாட்டச் சொல்லாம வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். மேல 82ன்னு பொறிச்சிருந்தது. சின்னப் பாத்திரத்துல தண்ணி ஊத்தி, வால்வை நூல்ல கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பத்தவெச்சேன். பாத்திரத்தோட அடியைத் தொடக்கூடாதுன்னு படிச்சிருந்தேன். ஆவி வந்துச்சு, ஓரத்துல சின்னச் சின்னக் குமிழ் கட்டிச்சு, தண்ணி இன்னும் கொதிக்கல, அப்போ நடுவுல இருந்த தட்டு மெல்ல, கடிகார முள்ளு நகர்ற மாதிரி, விலகிச்சு. அடுப்பை அணைச்சதும் ஆற ஆற மூடிக்கிச்சு. மூணு தடவை செஞ்சேன், மூணு தடவையும் திறந்து மூடிச்சு. நல்லா இருந்த சாமானைக் கழட்டி டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க. நான் எடுத்தது பால் காய்ச்சுற பாத்திரம்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது. இப்போ அது கராஜ்ல இருக்கு.

மறுநாள் அதே வால்வு, புது ரப்பர் கேஸ்கெட், கூலன்ட் டாப்-அப், காத்து எடுத்துவிடுற கூலி, எல்லாம் 720 ரூபாய். ஹைவேல இப்போ 87, 88. முள்ளு பழைய இடத்துக்கு வந்துடுச்சு.

காஷியர்62, அக்டோபர் 2025

ரெண்டு ஃபில் ஆயிடுச்சு, ஊரும் ஸ்கூலும் கலந்தது. 15.0, 15.2. திண்டுக்கல் நடை 16.6.

1.044 போட்டுத் திருத்தினா திண்டுக்கல் 17.3. பழைய 18.2க்கு இன்னும் 5 சதவீதம் பாக்கி. ஸ்லைட்ரூல் சார் சொன்ன எத்தனால் கணக்கு மூணரை, அதுக்கு மேல இருக்கிற ஒண்ணரை என் வயசுக்கோ வண்டி வயசுக்கோ. கணக்கு இவ்வளவு கிட்ட வந்ததுல எனக்கே சந்தேகம். கல்லா ஒரு பைசா பிசகாம டேலி ஆனா நாங்க மறுபடி எண்ணுவோம். ஆடிக் காத்து இப்போ இல்ல, அதனால திண்டுக்கல் நடையில ஏறினது முழுக்க வால்வுன்னும் சொல்ல முடியாது. இன்னும் நாலு ஃபில் பார்க்கணும்.

ஊர் சராசரி 15.1, திருத்தினா 15.8. பழைய 17க்கு வரல. மிச்சம் ஸ்கூல் நடைன்னு நினைக்குறேன். பேத்திக்கு லீவு விட்டிருந்த ஒரு வாரம் தனியா ஒரு ஃபில் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், அப்போ தோணல. டிசம்பர்ல அரைப் பரீட்சை லீவு வருது.

ஸ்லைட்ரூல்

சார், 2022ல 17.0 எழுதினப்போ டயர் எவ்வளவு தேஞ்சிருந்துச்சு? தேஞ்ச டயர்ல ஓடோமீட்டர் கூடக் காட்டியிருக்கும். அந்த 17ஏ நிஜமான 17 இல்லாம இருக்கலாம்.

காஷியர்62

அதை நேத்து ராத்திரி படுத்தப்போ யோசிச்சேன் சார். எழுந்து லைட்டைப் போட்டு ரெண்டாவது நோட்டைத் தேடினேன். அந்த டயர் போட்ட தேதி இருக்கு, பட்டன் அளவு எழுதல.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் (கரூர்)

முள்ளு பாதிக்கு ஒரு நூல் கீழதானுங்க நிக்குது?

காஷியர்62

அங்கதான் நிக்குது.